உன் பெயரில் ஒரு மலை

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வெயிலில் அலையாமல் இருக்கச் சொல், அவர்கள் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

வீட்டை இடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் போகவில்லை. இங்கிருந்துகொண்டு உனக்கு யோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. உவரியில் கடல் காற்றுக்கு உத்திரம் அரிப்பதும், ஐப்பசியில் ஓடு ஒழுகுவதும் உன் தலைவலி. அப்புறம் போன வாரம் ஓர் இடத்துக்குப் போனேன். அதைப் பற்றி எழுதினால் உனக்கான பதிலும் அதிலேயே வந்துவிடும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் கதையாகப் படித்துக்கொள்.

இடத்தின் பெயர் சான்டனோனி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம், அடிரொண்டாக் மலைகளுக்கு நடுவே நியூகோம்ப் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கும் அதே பெயர்தான். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ‘சேந்த் அந்துவான்’ என்று சொன்னதை அபெனாக்கிப் பழங்குடிகள் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்ல, அது சான்டனோனி ஆயிற்றாம். அதாவது அந்தோணியார் மலை! உங்கள் ஊரின் ‘கோடி அற்புதர்’ அந்தோணியார் இந்தப் பனிக்காட்டிலும் இருக்கிறார். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது.

மலை ஏறவில்லை. முழங்கால் இடம் கொடுக்காது. மலைக்குக் கீழே நியூகோம்ப் ஏரிக்கரையில் ஒரு பழைய வீடு இருக்கிறது, அங்கே போனோம். வாசல் கேட்டிலிருந்து வீட்டுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பழைய குதிரை வண்டிப் பாதை, கார் விட மாட்டார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளிலோ ஸ்னோஷூவிலோதான் போக வேண்டும். போக 8, வர 8. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆளைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

ஸ்னோஷூ என்றால் உனக்கு எப்படிச் சொல்ல? தேரி மணலில் செருப்பு போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறோமே, கால் புதைந்து, செருப்பு எங்கேயோ, நாம் எங்கேயோ. புதுப் பனியும் அப்படித்தான், முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். அந்தக் காலுக்குக் கீழே முறத்தளவு அகலத்தில் ஒன்றைக் கட்டிவிட்டால் உடம்பின் பாரம் பரவிவிடும், அவ்வளவாகப் புதையாது. முன்னே மரச் சட்டத்தில் தோல்வார் பின்னிச் செய்தார்கள், இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். அடியில் இரும்புப் பல் இருக்கும். கால்விரல் பக்கம் மட்டும்தான் கட்டு, குதிகால் தூக்கித் தூக்கி விழும். முதல் பத்து நிமிடம் வாத்து மாதிரி காலை அகட்டி நடந்தேன். ஒரு தடவை என் ஸ்னோஷூவை நானே மிதித்துக்கொண்டு குப்புற விழுந்தேன். பிளம்பர் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

வழியில் ஒரு மரியாதை உண்டு. சறுக்கிப் போகிறவர்கள் போட்ட இரண்டு கோடுகள் பாதையில் தண்டவாளம் போல ஓடும். அதில் நாம் கால் வைக்கக் கூடாது, ஓரமாகத்தான் நடக்க வேண்டும். வெறும் பூட்ஸோடு நடந்து குழி குழியாக்கி வைத்தால், ராத்திரி அது இறுகி, மறுநாள் வருகிறவன் கணுக்காலை ஒடிக்கும்.

காலையில் கிளம்பும்போது மைனஸ் 17. காரை விட்டு இறங்கியதும் மூக்குக்குள் முடி உறைந்து குத்துவது தெரியும். நான் கோட்டின் மேல் கோட்டாகப் போட்டுக்கொண்டு நின்றேன். பிளம்பர் பார்த்தார், “ரெண்டைக் கழற்று” என்றார். குளிரக் குளிரக் கிளம்ப வேண்டுமாம், பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும், வேர்க்க விட்டால்தான் ஆபத்து, ஈரம் நின்றதும் உறைய ஆரம்பிக்கும். அப்போதுதான் நான் உள்ளே பருத்திப் பனியன் போட்டிருப்பதைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நம் ஊரில் வேர்வையை உறிஞ்சுகிறது என்றுதானே பருத்தி போடுகிறோம், இங்கே அந்த உறிஞ்சுவதே குற்றம். தன் பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குளிரில் பனியனைக் கழற்றிய அரை நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னதும் அவர்தான். தண்ணீர் மேல்பக்கமிருந்துதானே உறையும், கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் பௌதிகப் பாடத்தில் படித்தோம், மார்க்கும் வாங்கினோம், பாட்டிலைக் கவிழ்க்கத் தோன்றியதா?

ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு பண்ணை வருகிறது. கல்லில் கட்டிய பால்பண்ணைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பக்கத்திலிருந்த பெரிய களஞ்சியம் 2004-இல் எரிந்துபோய் அந்த இடம் வெற்றாகக் கிடக்கிறது. அதைத் தாண்டினால் காடு. பைன், ஹெம்லாக், பர்ச் மரங்கள், கிளைகளில் பனி. அந்தக் குளிரில் பனியை மிதித்தால் மரவள்ளிக் கிழங்கு மாவைக் கையால் அழுத்தினால் வருமே, அந்த மாதிரிக் கிறீச்சொலி. நின்றால் ஒன்றுமே இல்லை. நான் நின்று நின்று கேட்டேன். ஒரு தடவை மட்டும் சிக்கடி என்கிற குருவி, நம் தேன்சிட்டைவிடக் கொஞ்சம் பெரியது, என் தலைக்கு மேல் கிளையில் தலைகீழாகத் தொங்கிப் பட்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும் அதன் எடை. ராத்திரியில் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரி அளவுக்கு இறக்கிக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்குமாம். கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நடுவழியில் என் இடது ஸ்னோஷூவின் வார் அறுந்தது. கடையில் அவன் சொன்ன பெருமையைக் கேட்டு வாங்கியது, மூன்றாவது தடவைதான் போடுகிறேன். பிளம்பர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, குழாய் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டார். திரும்பி வரும்வரை அது அசையவில்லை.

ஏரி வந்தது. ஏரியின் கிளை ஒன்றைப் பாலத்தால் தாண்டி, கரையோரமாகச் சுற்றிப் போனால் வீடு. ஏரி முழுக்க வெள்ளை. குறுக்கே நடந்தால் சீக்கிரம் போய்விடலாமே என்றேன். ஓடை வந்து சேரும் இடத்திலும் பாலத்தடியிலும் நீரோட்டம் இருக்கும், அங்கே ஐஸ் மெல்லிசு, பார்த்தால் தெரியாது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஏரி முனகியது. பொய் சொல்லவில்லை மக்கா, நடு ஏரியிலிருந்து ஒரு நீண்ட ‘ஊம்ம்ம்’ கிளம்பிக் கரைவரை ஓடி வந்தது. வெப்பம் மாறும்போது ஐஸ் விரிந்து சுருங்கி வெடிப்பதால் வரும் சத்தமாம். எனக்கென்னவோ ராத்திரி உன் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கேட்ட கடல்தான் ஞாபகம் வந்தது.

இனி வீட்டுக் கதை. ஆல்பனியில் ராபர்ட் புரூயின் என்று ஒரு வங்கிக்காரர். அவருடைய அப்பாவை லிங்கன் 1860-களில் ஜப்பானுக்குத் தூதராக அனுப்பினார். பையனும் கூடப் போனான். அந்தப் பையன் பெரியவனாகி, ஏறக்குறைய 13,000 ஏக்கர் காட்டை வாங்கி, 1892, 93-இல் இந்த வீட்டைக் கட்டினார். மெயின் வீட்டுக்கு மட்டும் சுமார் 1,500 ஸ்ப்ரூஸ் மரங்கள். வீடு ஒன்றல்ல, தனித்தனியாக ஆறு கட்டடங்கள், எல்லாவற்றையும் ஒரே கூரையும் ஒரே திண்ணையும் சேர்க்கின்றன. அந்தத் திண்ணை மட்டும் 5,000 சதுர அடி! படுக்கை அறையிலிருந்து சாப்பிடப் போவதென்றால் வெளியே வந்து திண்ணை வழியாகத்தான் போக வேண்டும். மழையோ பனியோ, ஒரு தடவையாவது ஏரியைப் பார்க்காமல் நாள் போகாது. மேலிருந்து பார்த்தால் கூரை பறக்கிற பறவை போல இருக்கும் என்கிறார்கள். ஜப்பானில் பார்த்தது மனதில் நின்றிருக்கும்.

குளிர்காலத்தில் மூன்று வார இறுதிகளில் மட்டும் ஆள் வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரில் பர்ச் மரப் பட்டையை உரித்துக் காகிதம் போல ஒட்டியிருக்கிறார்கள். கையுறையைக் கழற்றி ஓர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், பனையோலைச் சுவடி போல, வழுவழுப்பும் வரியும். பக்கத்திலேயே ஏரியைப் பார்த்த ஓவியக்கூடத்தில் அடுப்பு மூட்டி, வருகிறவர்களுக்குச் சூடாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைத் திறந்தேன். கல். உள்பையில் உடம்போடு வைக்க வேண்டுமாம், அதைச் சொல்ல பிளம்பர் மறந்துவிட்டார். அடுப்பின் மேல் டப்பாவை வைத்து இளக்கி இருவரும் சாப்பிட்டோம். ஊறுகாயை அவர் விரலால் தொட்டு நக்கிவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

1953-இல் புரூயின் குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பம் வாங்கியது. 1971 ஜூலையில் அவர்கள் வீட்டு எட்டு வயதுப் பையன் ஒருவன் இந்தக் காட்டில் காணாமல் போனான். நூற்றுக்கணக்கான பேர் வாரக்கணக்கில் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்று உங்கள் அம்மா சாவியைத் தேடும்போதெல்லாம் சொல்வார்களே, அதை நினைத்துக்கொண்டு அந்தத் திண்ணையில் நிற்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷமே அந்தக் குடும்பம் இடத்தை விட்டுப் போய்விட்டது. நிலம் அரசுக்கு வந்தது.

இங்கேதான் சிக்கல். நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் 1894-இலிருந்தே ஒரு விதி உண்டு: இந்தக் காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும். நல்ல சட்டம், அதனால்தான் இவ்வளவு மரம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் காடு காடாக இருக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மாளிகைக்கு என்ன வேலை? இடிக்கவும் மனசில்லை, பழுது பார்க்கவும் சட்டம் இடம் தரவில்லை என்று கிட்டத்தட்ட இருபது வருஷம் அப்படியே விட்டுவிட்டார்கள். கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. கடைசியில் ஊர்க்காரர்களும் பழைய கட்டடங்களைக் காக்கும் ஒரு சங்கமும் விடாப்பிடியாக நின்று, 2000-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. இப்போது கோடைதோறும் தச்சர்கள் வந்து உளுத்த மரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரத்தை ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடம் நிறம் வேறாகத் தெரிகிறது, மறைக்கவில்லை.

எனக்கு அந்த இருபது வருஷம்தான் உறுத்துகிறது. இடித்திருந்தால் ஒரு கணக்கு, காத்திருந்தால் ஒரு கணக்கு. இரண்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் போனதுதான் அதிகம். உன் வீட்டிலும் அப்பா போய் ஒன்பது வருஷமாக அதுதானே நடக்கிறது? தம்பிமார் இடிக்கலாம் என்கிறார்கள், நீ வேண்டாம் என்கிறாய், ஓடு மாற்ற யாரும் பணம் எடுக்கவில்லை. மழை உங்கள் மூன்று பேரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கோபிக்காதே. இடிப்பதானால் இந்த வருஷமே இடி, நான் வருத்தப்பட மாட்டேன், கொஞ்சம் படுவேன். வைத்துக்கொள்வதானால் ஐப்பசிக்கு முன்னால் ஓட்டை மாற்று. பாதிப் பணம் நான் தருகிறேன், கடன் என்று எழுதிக்கொள்ளாதே. அந்தத் திண்ணையில் எத்தனை பரீட்சைக்குப் படித்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தால் வாடகையே அதைவிட அதிகம் வரும்.

திரும்பும்போது நாலு மணிக்கெல்லாம் மரங்களின் நிழல் பாதையை மூடிவிட்டது. போன் குளிரில் செத்துப்போனதால் உனக்கு அனுப்ப ஒரு படம்கூட இல்லை. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கால்விரல்களில் உணர்வு திரும்பிய வலி இருக்கிறதே, அதைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

ஆகஸ்டில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. தச்சர் யாரையாவது முன்னமே பிடித்து உத்திரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல். எத்தனை உத்திரம் போயிருக்கிறது என்று எனக்கு எழுது. அம்மாவுக்கு என் அன்பு.

உன்
கூட்டாளி