கேரம் ஆடுவதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாதாம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள வசந்தி,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் கேள்விகளுக்கெல்லாம் கைகூப்பும் பொம்மையை மட்டும் பதிலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கோபப்படாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் பேத்தியின் மொட்டை போட்டோ பார்த்தேன், அப்படியே உன் மாமியார் ஜாடை. அதை அவரிடம் சொல்லிவிடாதே, தலைகால் புரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாசத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் உன்னிடம் ஒரு வேலையும் ஆக வேண்டியிருக்கிறது. பணிக்காலம் முழுக்க இன்ஷூரன்ஸ் க்ளைம் செக்‌ஷனில் உட்கார்ந்து அடுத்தவர் பில்லைச் சல்லடை போட்டுச் சலித்தவள் நீ. ஹாஸ்டல் மெஸ் பில்லிலேயே ஒரு முட்டை அதிகம் என்று கண்டுபிடித்தவளாயிற்றே. அந்தக் கண் எனக்கு இப்போது வேண்டும்.

இவருக்கு ஸ்ட்ரோக் வந்ததும், மூளையின் வலப்பக்கம் அடிபட்டதும் உனக்குத் தெரியும். பேச்சுக்குப் பழுதில்லை. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். இடது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு, போனில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. இவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் நிற்பதில்லை. கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. தட்டில் நாலு இட்லி வைத்தால் வலப்பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பார். தட்டைத் திருப்பி வைத்தால், இது எப்போது வந்தது என்று கேட்பார். இடப்பக்கம் நின்று பேசினால் குரல் வரும் திசை தெரியாமல் வலப்பக்கம் தேடுவார். முதல் முறை அதைப் பார்த்தபோது என் அடிவயிறு கலங்கிவிட்டது, வசந்தி.

இதற்குத்தான் ஆக்குபேஷனல் தெரபி. பிசியோதெரபி நடக்க வைக்கிறது என்றால், நடந்து போய் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்ய வைப்பது இது. எங்களுக்கு வாய்த்த தெரபிஸ்ட் சின்னப் பெண், கெட்டிக்காரி. முதல் நாளே இவரிடம், “திரும்ப எதைச் செய்ய முடிந்தால் நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று தோன்றும்?” என்று கேட்டாள். இவர் யோசிக்கவே இல்லை. “கேரம்.”

உனக்கு ஆச்சரியமாக இருக்காது. லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவரும் கிட்டுவும் எங்கே கிடந்தார்கள் என்று முதலில் துப்புத் துலக்கியதே நீதானே. இங்கே வந்த பிறகும் அது விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர், ஒரு போர்டு, நடுராத்திரி வரை. 2024இல் சென்னைப் பெண் காசிமா இங்கே அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது வீட்டில் பாயசம். அந்தத் தெரபிஸ்டிடமும் மரியா இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் ஆன கதையை முழுக்கச் சொன்னார். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

கேட்டதோடு விடவில்லை. அடுத்த வாரம் போர்டைக் கொண்டு வரச் சொன்னாள். அவள் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். போர்டின் இடது ஓரம் முழுக்கப் பளிச்சென்று சிவப்பு டேப் ஒட்டினாள். ஒவ்வொரு முறை ஸ்ட்ரைக்கரை வைக்கும் முன்னும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தொட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். முதலில் தலை திரும்பாது. அவள் அவசரப்படாமல் காத்திருப்பாள். தலை மெதுவாகத் திரும்பும், கண் டேப்பில் போய் நிற்கும், அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்து வரும்போது இடது பாக்கெட் ஓரத்தில் வெள்ளைக் காய் உட்கார்ந்திருப்பது தெரியும். “அட!” என்பார். பவுடர் போட்டுத் துணியால் தேய்ப்பது இடது கையின் வேலை. அவள் தன் கையை இவர் கைமேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்க வைப்பாள். விழுந்த காயை எடுத்து அடுக்குவதும் இடது கைதான். எட்டி எடுக்கும்போது உடம்பு சாயாமல் இடுப்பு நிற்க வேண்டும். கறுப்பு 10, வெள்ளை 20, சிவப்பு 50 என்று நம் வீட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பைப் போட்டால் ஃபாலோ எந்தக் காய் என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்குள் இத்தனை சிகிச்சையா என்று நான் பிரமித்துப் போனேன்.

பலனும் தெரிந்தது. தட்டில் இடப்பக்கத்து இட்லி காணாமல் போக ஆரம்பித்தது. யாரும் டேப் ஒட்டவில்லை, தானாகவே தட்டின் இடது விளிம்பைத் தேடிப் பார்க்கிறார்.

அந்த நேரத்தில்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. இனி இந்த தெரபிக்குப் பணம் தர மாட்டார்களாம். சிகிச்சையின் நோக்கம் பொழுதுபோக்கு சார்ந்தது, மருத்துவரீதியாக அவசியமில்லை, பாலிசியில் ரிக்ரியேஷனல் தெரபி விலக்கு. மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். பிளானில் ஆண்டுக்கு இத்தனை முறை என்று இருக்கும் வரம்பில் பாதிகூட நாங்கள் தொடவில்லை.

விசாரித்தபோது தெரிந்தது, அந்தப் பெண் உண்மையை எழுதியதுதான் வினை. இலக்கு என்ற இடத்தில் ‘நண்பர்களோடு மறுபடி கேரம் ஆடுவது’ என்று எழுதியிருக்கிறாள். மற்ற தெரபிஸ்டுகள் இப்படி எழுத மாட்டார்களாம். ‘சமையலுக்காக இடப்பக்கப் பொருள்களைத் தேடி எடுத்தல்’ என்றோ ‘சட்டைப் பட்டன் போடுதல்’ என்றோ எழுதுவார்களாம். க்ளினிக் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இலக்கை மாற்றி எழுதித் திரும்ப அனுப்புவோம், பாஸாகிவிடும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு உதவத்தான் சொல்கிறார். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “பட்டன் போட்டுவிட நீ இருக்கிறாய். எனக்குப் பதிலாக யார் கேரம் ஆடுவது?” என்றார்.

அன்று ராத்திரி இவர் தூங்கிய பிறகு இந்தத் துறையின் சரித்திரத்தையே தேடிப் படித்தேன். ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒரு கட்டடக் கலைஞர். காசநோய், ஒரு பாதத்தில் அறுவை, அப்புறம் உடம்பின் இடப்பக்கம் வாதம். இடப்பக்கம், வசந்தி! அவர் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தேறி வந்திருக்கிறார். நியூயார்க் மாகாணத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்கிற ஊரில் அவர் நடத்திய வீட்டில்தான் 1917 மார்ச்சில் சிலர் கூடி இந்தத் துறைக்கென்று முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். இப்போது அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் 2020இல் வெளியிட்ட தொழில் வழிகாட்டியிலும், குளிப்பது, சமைப்பது, தூங்குவது, வேலைக்குப் போவதோடு விளையாட்டும் ஓய்வுநேரக் காரியங்களும் சரிசமமான இடத்தில் இருக்கின்றன. பில் போடும் குறியீடுகளில் 97537 என்று ஒன்று உண்டு, பதினைந்து நிமிஷக் கணக்கு. அதன் விளக்கத்திலேயே கடைக்குப் போவது, பயணம், பணத்தைக் கையாள்வது ஆகியவற்றோடு, விருப்பத்துக்காகச் செய்யும் காரியங்களும் வருகின்றன. குறியீடு அப்படிச் சொல்கிறது, பணம் கொடுப்பவர்கள் கேட்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரிக்ரியேஷனல் தெரபி என்பது வேறு தொழில், அதற்கு வேறு சான்றிதழ். இவருக்கு நடந்தது ஆக்குபேஷனல் தெரபி. கருவி மட்டும்தான் கேரம். இந்த வித்தியாசம் தெரியாமலா ஒரு கம்பெனி நிராகரிக்கும்?

எதிர்த்தரப்பு வாதத்தையும் படித்து வைத்திருக்கிறேன், நீ எப்படியும் கேட்பாய். மெடிகேர் என்கிற அரசாங்க முதியோர் காப்பீட்டின் விதிப் புத்தகத்திலேயே, மனத்தைத் திசைதிருப்பவும் பொதுவாக உற்சாகப்படுத்தவும் செய்யும் காரியங்கள் தெரபி ஆகாது என்று இருக்கிறது. சும்மா பொழுது போக்குவதற்குக் காசு தர மாட்டோம் என்றால் அதில் எனக்குச் சண்டையில்லை, எல்லோருடைய பிரீமியமும்தானே அது. பிரிட்டனில் ஐந்து மையங்களில் 466 ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்துச் செய்து 2001இல் வெளிவந்த ஆய்வும் கம்பெனிக்குச் சாதகம்தான். ஓய்வுநேரக் காரியங்களை முன்வைத்த தெரபியால் ஓர் ஆண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அதில் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் 1997இல் கலிஃபோர்னியாவில் 361 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வைப் பார். ஒரு குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இன்னொரு குழுவுக்கு விளையாட்டு, கூட்டம் என்று பொழுதுபோக்கு மட்டும், நடத்தியவர்கள் தெரபிஸ்டுகள் அல்ல. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்பது மாதம் கழித்து, தெரபிஸ்ட் இருந்த குழுதான் பல அளவீடுகளில் மேலே நின்றது. வெறும் பொழுதுபோக்குக்குப் பெரிய பலன் இல்லை. அவர்கள் ஸ்ட்ரோக் நோயாளிகள் இல்லை, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான், அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் என் வாதம் இதுதானே? இவரும் கிட்டுவும் உட்கார்ந்து கேரம் ஆடினால் அது விளையாட்டு. பில் அனுப்ப மாட்டேன். அந்தப் பெண் டேப் ஒட்டி, இடப்பக்கம் உட்கார்ந்து, எந்தக் காயை எங்கே வைத்தால் இவர் கழுத்து எவ்வளவு திரும்பும் என்று பார்த்துப் பார்த்து வைக்கும்போது அது வைத்தியம்.

கவலை எனக்கு எங்கே பெரிதாகிறது தெரியுமா? கடிதம் வந்ததிலிருந்து தெரபி நின்றுவிட்டது. கைக்காசில் தொடரலாம் என்றால் இந்த ஊர் கட்டணம் உனக்கே தெரியும். கேரம் போர்டு சுவரோரம் நிற்கிறது. ஆடலாமா என்று நான் கேட்டால், “அது இன்ஷூரன்ஸ்காரனுக்கே வேண்டாமாம், விடு” என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இவர் எதையும் விடு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. ஒரு மனிதன் எதற்காகக் கையைத் தூக்க ஆசைப்படுகிறானோ அதைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, கையைத் தூக்கு என்றால் எப்படித் தூக்குவான்?

நம் ஊரிலும் நிலைமை நீ சொல்லித் தெரிந்ததுதான். உன் பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரை பாலிசி கொடுத்தது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள், அதற்குமேல் தெரபி எல்லாம் சொந்தச் செலவு. இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது, வாசலில் நின்று எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்கள். எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, உன் வேலை. மறுப்பு வந்து 180 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். அதையும் தள்ளினால், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆள் பார்க்கும் மறுபரிசீலனைக்கு 4 மாதத்துக்குள் கேட்கலாம். அவர்கள் சாதாரணமாக 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒபாமா காலத்தில் வந்த 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தந்த உரிமை இது. டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். தெரபிஸ்ட் முதல் வாரத்துப் பரிசோதனைத் தாளையும் கடைசி வாரத்துத் தாளையும் தருகிறாள். ஒரு பக்கம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கோடுகளை எல்லாம் பேனாவால் அடிக்கச் சொல்லும் பரிசோதனை அது. முதல் தாளில் இடது பாதி அப்படியே வெறுமை. கடைசித் தாளில் ஓரத்தில் சிலதுதான் பாக்கி. ஆயிரம் வார்த்தைக்கு அந்த இரண்டு தாள் போதும் என்பது என் நம்பிக்கை.

கேரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதினால் சுலபமாக ஜெயிக்கலாம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை. கேரம் என்று எழுதி, ஏன் கேரம் என்றும் எழுதி ஜெயிக்க வேண்டும். அந்தப் பெண் அடுத்த நோயாளிக்கும் பயப்படாமல் உண்மையை எழுத வேண்டாமா? அப்பீல் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் படி. எந்த வரியில் உன் பேனா நிற்கும், எதை வைத்து நீ தள்ளியிருப்பாய் என்று சிவப்பில் குறித்து அனுப்பு. தயவு தாட்சண்யம் பார்க்காதே.

அப்பீல் ஜெயித்தால் இவருடைய முதல் ஆட்டம் உன் வீட்டுக்காரரோடுதானாம், வீடியோவில் எப்படி ஆடுவார்களோ தெரியாது. கிட்டுவுக்கு நம்பர் மாறிவிட்டதா? கிடைத்தால் இவரைக் கூப்பிடச் சொல். உங்கள் காலை என்றால் எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருப்பார். தெரபி நின்றதைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா வம்பளந்தால் போதும்.

அன்புடன்,
கல்யாணி