பழைய கணினிகளைக் கழிக்கும் முன் இயங்குதளங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கோரி மனு

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு.

பொருள்: பொது நூலகக் கணினிகளுக்கான இயங்குதளத்தை முடிவு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நூலகங்களில் உள்ள கணினிகளை மொத்தமாகக் கழித்துவிட்டு, விண்டோஸ் 11 போட்ட புதிய கணினிகளை வாங்கத் திட்டம் இருப்பதாக அறிகிறோம். டெண்டர் விடும் முன், இருக்கிற கணினிகளிலேயே வேறு இயங்குதளங்களைப் போட்டுப் பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படியே விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். அப்டேட் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் வந்த, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் காட்டியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தும், அதைப் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளின் முன்பதிவுகளை ரத்து செய்ய வேண்டி வந்தது.

ஆனால் நம் கணினிகள் கெட்டுப்போகவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலி மைக்ரோசாஃப்ட் ஏற்ற பட்டியலில் இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் நிபந்தனை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் தேறும். நூலகத்துக்கு வருகிறவர் விண்ணப்பம் நிரப்புகிறார், மின்னஞ்சல் பார்க்கிறார், ஒரு கடிதம் அடித்துப் பிரிண்ட் எடுக்கிறார். இதற்கு ஏழாம் தலைமுறைச் செயலியே தாராளம்.

வாசகர் மேசைகளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் போதும் என்பது எங்கள் கருத்து. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டுகள் அப்டேட் இலவசமாக வருகிறது. நினைவகம் குறைந்த கணினி என்றால் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு லேசாக ஓடும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம் என்பதால் ஹார்ட் டிஸ்கில் கை வைக்க வேண்டியதில்லை. லினக்ஸுக்கு ஆபத்தே வராது என்று சொல்ல வரவில்லை. 2024-இல், லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற நிரலில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் பொறியாளர் என்பது தனி வேடிக்கை! அதே ஆண்டு ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. எல்லா மேசையிலும் ஒரே தளம் இருந்தால் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஊழியர் மேசை வேறு கதை. பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் விசைப்பலகை போலவே எண்ணை அனுப்புவதால் எந்தத் தளத்திலும் வேலை செய்யும். ஆனால் லேபிள் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் ஆகியவற்றுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும் தருகிற நிறுவனங்கள் உண்டு. மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய எக்செல் கோப்புகள், இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸில் பாதி ஓடும், பாதி அடம்பிடிக்கும். கலிப்ரி எழுத்துருவில் அடித்த படிவத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வரி நகர்ந்து, கடைசிக் கட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதே அகல அளவுள்ள கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் ஊழியர் என்ன செய்வார்? "பழையதே நல்லது" என்றுதான் சொல்வார், அதில் தவறும் இல்லை.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலையை 2013-இல் முடித்தது, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. பிரான்சின் ஜான்தார்மெரி காவல் படை வேறு வழியில் போனது. முதலில் ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள், அப்புறம் இணைய உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு. இவை கைக்குப் பழகிய பிறகு, 2008 முதல்தான் உபுண்டு. அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. ஊழியர் மேசைகளுக்கு அந்த வரிசையைத்தான் நாங்களும் பரிந்துரைக்கிறோம்.

மேக் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆப்பிள் கணினியில் மட்டுமே முறையாக ஓடும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதால் அது இங்கே பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலும் இணையத்தை நம்பி இயங்கும் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸைப் பழைய கணினிகளில் போடலாம், ஆனால் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் கிளைகளுக்கு அது சரிப்படாது.

ஆகவே, ஒரு பெரிய நூலகத்திலும் ஒரு சிறிய கிளையிலும் வாசகர் கணினிகளில் மட்டும் மூன்று மாதங்கள் லினக்ஸைச் சோதித்துப் பார்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். ஊழியர் கணினிகளுக்கு விண்டோஸ் 11 வாங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கணினிகளிலும் விண்டோஸோடு லிப்ரேஆஃபிஸையும் இப்போதே நிறுவி, புதிய படிவங்களை ஓடிஎஃப் என்ற திறந்த கோப்பு வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். இனி வாங்கும் பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன் எதுவானாலும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்பதை டெண்டரிலேயே கேட்க வேண்டும். அப்டேட் போடும் பொறுப்பு யாருடையது என்பதையும் கிளைவாரியாக எழுத்தில் தர வேண்டும்.

சோதனைக் காலத்தில் வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் சிலர் மாலை நேரங்களில் வரத் தயார். சோதனை முடிவு தெரியும் வரை பழைய கணினிகளை ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றும், தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நூலக வாசகர்கள்