பேரனின் முழங்கால்

அன்புள்ள பாப்பா,

நேற்று வீடியோ காலில் பேரன் காலைத் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டே பேசினான். என்னடா என்று கேட்டேன். "வளர்ற வலிப்பா, எவ்வளவு உயரம் ஆயிட்டான் பாருங்க" என்று நீ முந்திக்கொண்டாய். அவன் பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

31 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். புற்று என்றால் பீடி, புகையிலை, வயசு என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா என்கிற புற்று கிடுகிடுவென்று வளரும் பிள்ளைகளிடம் போகும். 10 முதல் 20 வயசுக்குள்தான் அதிகம், பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதல். இடமும் பெரும்பாலும் முழங்காலை ஒட்டித்தான்; எலும்பு வேகமாக நீளுவது அங்கேதானே. (அறுபது தாண்டியவர்களையும் விடாது, அது வேறு கதை.)

என்னிடம் வந்த பிள்ளைகள் கபடியில் அடிபட்டது என்பார்கள். மூன்று மாசம் எண்ணெய்க்கட்டு போட்டுவிட்டு வருவார்கள். அடிபட்டதால் அது வருவதில்லை, அடிபட்ட பிறகுதான் காலைக் கவனிக்கிறோம். பிலிமைக் கழுவித் தூக்கினால் எலும்பிலிருந்து சூரியக் கதிர் மாதிரி கோடுகள். வெளியே பெஞ்சில் அம்மாக்காரி உட்கார்ந்திருப்பாள். "டாக்டர் சொல்வார்மா" என்பதற்கு மேல் நான் பேசக் கூடாது.

செப்டம்பரில் இவன் பள்ளிக்கூடத்தில், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடாப் பையன் பேரில் ஓட்டம் ஓடுகிறானே, அந்த டெர்ரிக்கும் இதே புற்றுதான். 1976 நவம்பரில் கார் மோதி வலது முழங்கால் வலி. கூடைப்பந்து சீசன் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டான். 1977 மார்ச்சில் டாக்டரிடம் போனபோது ஆஸ்டியோசர்கோமா. 18 வயசில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ கொடுத்து, எலும்பை மட்டும் மாற்றி, பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடுகிறார்கள். நேரத்தோடு போகணும், அவ்வளவுதான்.

பயப்படாதே. வருஷத்துக்குப் பத்து லட்சம் பிள்ளைகளில் 4, 5 பேருக்குத்தான் வரும். ஆனால் வளர்ற வலி இரண்டு காலிலும் வரும், விடிந்தால் இருக்காது. இவனுக்கு ஒரே கால், ஒரே இடம். ராத்திரி எழுப்புகிறது என்று அவனே சொன்னான். நீ அடுப்படிக்குப் போயிருந்தாய்.

இந்த வாரமே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே கேள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எடுத்ததும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால், வீணாகக் கலவரப்படுத்தியதற்கு அவளிடம் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா