பான் க்ளேவுக்கு ஒரு தாமதமான கடிதம்

அன்புள்ள பான் க்ளே,

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடற்கொள்ளையர் கதையான ‘ஒன் பீஸ்’ அனிமேயை முதல்முறை பார்த்தபோது நீ வரும் காட்சிகளை ஓட்டிவிட்டேன். இளஞ்சிவப்புக் கோட்டு, அதில் அன்னப்பறவைகள், நின்ற இடத்திலேயே பம்பரம்போல ஒரு சுற்று, காது கிழியும் கூச்சல். அலபாஸ்டா நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும் நேரத்தில் இந்தக் கோமாளிக்கு என்ன வேலை என்று எரிச்சல்பட்டேன். இரண்டாம் முறை எதையும் ஓட்டாமல் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கதைக்குள் வந்த விதமே கேலிக்கூத்து. கப்பலில் இருந்த சாப்பாட்டையெல்லாம் தீர்த்துவிட்ட கதாநாயகன் லூஃபியும் அவன் கூட்டாளி உசோப்பும், அலபாஸ்டா இளவரசி விவியின் வாத்து காரூவைத் தூண்டிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாத்தைப் பிடித்துக்கொண்டு வந்து மாட்டியது நீ. வினோத சக்தி தந்து நீந்தும் திறனைப் பறிக்கும் பிசாசுக் கனியைத் தின்ற உனக்கு நீச்சல் வராது. கடலில் விழுந்த உன்னைத் தூக்கிவிட்டார்கள். நன்றிக்காக உன் வித்தையைக் காட்டினாய். வலக்கையால் ஒருவர் முகத்தைத் தொட்டால் போதும், பிறகு அந்த முகமும் உடலும் உனக்கும் வரும். இடக்கையால் உன் கன்னத்தைத் தொட்டால் பழையபடி நீ. லூஃபி, உசோப், சாப்பர் மூவரும் உன்னோடு தோளில் கைபோட்டு ஆடினார்கள். பிரியும்போது அழுதார்கள், நீயும் அழுதாய். உன் ஆட்கள் உன்னைப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் நீ எதிரியின் ஆள் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீ இருந்த எதிரிகளின் ரகசிய அமைப்பான பரோக் வொர்க்ஸில் ஆண்களுக்கு எண், பெண்களுக்குக் கிழமையோ விழா நாளோ பெயர்; இருவர் இருவராக வேலை. உனக்கு ஜோடி இல்லை. ‘மிஸ்டர் 2’ என்ற எண்ணும் உனக்கே, ஜப்பானின் போன் விழாவையும் ஆண்டு முடிவையும் சேர்த்த பெயரும் உனக்கே. உன் கோட்டின் முதுகில் இருக்கும் சொல், ஜப்பானில் உன்னைப் போல் பெண்மை கலந்து நடக்கும் ஆண்களை ஏளனம் செய்யச் சொல்வது. கதாசிரியர் ஓடாவும் பல இடங்களில் அந்த ஏளனத்திலிருந்தே சிரிப்பை எடுக்கிறார். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. நீயோ அதை விருதுபோல முதுகில் எழுதிக்கொண்டு திரிந்தாய்.

விவியிடம் விடைபெறும்போது எல்லோரும் திரும்பி நின்று இடக்கையை உயர்த்திக் காட்டும் அந்த எக்ஸ் குறி இருக்கிறதே, உலகமெங்கும் ரசிகர்கள் கண்கலங்குவது அதைப் பார்த்துத்தான். அது வந்ததே உன்னால். நீ யார் முகத்தோடு வந்து ஏமாற்றுவாயோ என்ற பயத்தில்தான் கையில் குறி போட்டு, அதன் மேல் துணி சுற்றிக்கொண்டார்கள். உனக்கு எதிராகப் போட்ட அடையாளம் நட்பின் சின்னமாகிவிட்டது. அதை அவர்கள் உயர்த்திக் காட்டியபோது நீ பக்கத்தில்கூட இல்லை. அதிகாரி ஹினாவின் கடற்படை அவர்களைச் சூழ்ந்தபோது, தோழி விவியைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்ததைக் கேட்டுவிட்டு, நீயும் உன் ஆட்களும் அவர்கள் வேஷத்தைப் போட்டுக்கொண்டு கடற்படையை வேறு பக்கம் இழுத்துப் போயிருந்தீர்கள். லூஃபி கதறி அழுதான். நான் முதல்முறை அதையும் ஓட்டிவிட்டிருந்தேன்.

இம்பெல் டவுன் சிறையில் நீ ஓடியதையும் சொல்லியாக வேண்டும். நஞ்சே உருவான சிறைத் தலைவன் மாஜெல்லனை எதிர்த்து லூஃபி நின்றான். நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினாய். எனக்கு உன்னை மிகவும் பிடித்துப்போனது அங்கேதான். பயமே அறியாதவர்கள் இந்தத் தொடரில் ஏராளம். ஓடிப்போய், வெட்கப்பட்டு, சிறையின் துணைத் தலைவன் ஹன்யாபாலின் முகத்தை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவன் நீ. நஞ்சேறிக் குற்றுயிராய்க் கிடந்த லூஃபியோடு பனி உறைந்த ஐந்தாம் தளத்தில், அவனைக் காப்பாற்றக்கூடிய இவான்கோவைத் தேடி அலைந்தாய். சிகிச்சை நடந்த அறையின் கதவுக்கு வெளியே நின்று, தொண்டை கிழியக் கிழிய மணிக்கணக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாய். முன்பு நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்ட அதே குரல்.

கடைசியில், தப்பும் கப்பலை மறித்து நின்ற நீதியின் கதவு. அதை உள்ளிருந்துதான் திறக்க முடியும். மாஜெல்லனின் முகத்தோடு நீ உத்தரவிட, கதவு திறந்தது. லூஃபி ஏறிய கப்பல் போனது, நீ உள்ளேயே நின்றுவிட்டாய். நத்தைத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு லூஃபி அழுதபோது, இரண்டு முறையும் அடுத்தவர் முகத்தோடுதான் உன்னையே கொடுத்தாய் என்பது எனக்கு உறைத்தது. கன்னத்தை இடக்கையால் தொட்டு உன் முகத்துக்குத் திரும்பிய பிறகு உன் எதிரே நின்றது அசல் மாஜெல்லன்.

நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். பிறகு மூலப் படக்கதையான மங்காவின் ஓர் அத்தியாய முகப்பில், சிறையின் ரகசியத் தளமான 5.5-இன் புதிய ராணியாக நீ! வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இன்னொரு செய்தி, உனக்குத் தெரிந்திருக்காது. உனக்குக் குரல் கொடுத்த கசுகி யாவோதான் பின்னால் லூஃபியின் கப்பல் தச்சன் ஃப்ராங்கிக்கும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். ஆக, நீ ஏறாத லூஃபியின் புதிய கப்பலில் உன் குரல் ஏறிவிட்டது.

இப்படிக்கு,
இப்போது எதையும் ஓட்டிவிடாத ஒரு ரசிகன்