கார்டெலின் கடைசி நாட்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அர்ஜென்டினாவின் டேங்கோ இசைப் பாடகர் கார்லோஸ் கார்டெல் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். விமானத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடந்தது என்ற பழைய வதந்திக்கு அதில் பாதிப் பக்கம் போய்விட்டது. அவருடைய கடைசி நாட்களை வெறும் மர்மக்கதையாக்குவது சரியல்ல. 1935 ஜூன் 23 இரவு கொலம்பியாவின் பொகோட்டா வானொலியில் பாடிய மனிதர், மறுநாள் அதே நாட்டின் காலி நகருக்குப் போகும் வழியில், மெடெயின் ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதியதில் இறந்தார். கூடவே பாடலாசிரியர் லெ பெரா, கிதார் கலைஞர் பார்பியேரி. இன்னொரு கிதார் கலைஞர் ரிவெரோல் இரண்டு நாள் கழித்து இறந்தார். மூன்றாவது கிதார் கலைஞர் அகிலார் தீக்காயங்களுடன் பிழைத்தார். இவர்களில் ஒருவர் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை!

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் புவனோஸ் ஐரிஸின் சக்கரீத்தா கல்லறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே கார்டெல் சிலையின் விரலிடுக்கில் யாரோ செருகிய சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விபத்தைப் பற்றிக் கேட்டேன்; அவரோ பாடலை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனாலும் நகர மனம் வரவில்லை. அடுத்த வாரமே அந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றியும், உடன் வாசித்த கிதார் கலைஞர்களைப் பற்றியும் ஒரு பக்கம் வெளியிடுங்கள்.

- ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர், தூத்துக்குடி