பெயர் சொல்லாமல் போன கொத்தனார் அண்ணனுக்கு

நீலகிரி வெலிங்டன் பக்கம், சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் ராணுவ வீரர் வீட்டு வாசலில் சரிவுப்பாதை போட்டுத் தந்த அண்ணனுக்கு எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

வாசல்படி உயரம் ஒன்றரை அடி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்றால் 18 அடி நீளம் வேண்டும். நேராகப் போட முற்றத்தில் இடமில்லை. நீளத்தைக் குறைத்தால் இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடிவிடும். நீங்கள் நடுவில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டு, பாதையைச் சுவரோரம் திருப்பினீர்கள். காங்கிரீட் இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தீர்களே, அதுதான் பெரிய உதவி. வழவழப்பாகப் பூசியிருந்தால் இந்த ஊர் பனிக்கும் மழைக்கும் பாசி பிடித்துச் சறுக்கும். கழிப்பறைக் கைப்பிடிக்கும் எவர்சில்வர் போல்ட், அதுவும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும்படி. சாதா இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து, ஆள் பாரம் கொடுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கூலியும் வாங்கவில்லை. நீங்கள் சொன்னபடி 7 நாளும் காங்கிரீட் மேல் போட்ட ஈரச்சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டோம், அண்ணா.