அந்த வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்துவிடு

அன்புள்ள மாலதி,

பதில் தாமதம், திட்டாதே. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். தேனியில் நீ நர்சிங் ஹோம் திறக்கிறாய் என்று எலிசபெத் சிஸ்டரிடம் சொன்னேன். "அந்த வாயாடியா முதலாளி?" என்று கேட்டார். சாம்பார் விவகாரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரிதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டாஃப் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ஸ்கேன், லேப் ரிப்போர்ட் எல்லாம் அதிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறாயாமே. வேண்டாம்டி. அதில் விழும் படம் ஒவ்வொருவர் கேலரிக்கும் போகும், பேக்கப் போட்டிருந்தால் அங்கிருந்து கூகுள் ஃபோட்டோஸுக்கும் ஏறும். வேலையை விட்டுப் போனவரைக் குரூப்பிலிருந்து நீக்கினாலும் படங்கள் அவரிடமே இருக்கும். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பேர், வயது, ஐடி எல்லாம் அச்சாகியே வருகிறது.

டாக்டரிடம் அவசரமாகக் காட்டியே ஆக வேண்டுமா? ஆஸ்பத்திரி ஃபோனிலிருந்து, அந்த ஒரு டாக்டருக்கு மட்டும் அனுப்பு. பேர் இருக்கும் பட்டையை வெட்டிவிட்டு, ஐபி நம்பரின் (உள்நோயாளி எண்ணின்) கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எழுது. அந்த ஃபோனில், படங்களை கேலரியில் காட்டும் மீடியா விசிபிலிட்டியை ஆஃப் செய்து, செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்படி வை. ஆனால் மறைவதற்குள் டாக்டர் சொன்னதை கேஸ் ஷீட்டில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சைக்கே ஆதாரம் இருக்காது.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு ரியாக்டிவ் கேஸ்கள்தான், அதாவது ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி இருப்பதாகக் காட்டியவர்கள். கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது, கட்டிலில் அட்டை மாட்டுவது எதுவும் கூடாது. ஒட்டிய அன்று சாயங்காலத்துக்குள் ஆயா முதல் பக்கத்து பெட்டின் சொந்தக்காரர் வரை தெரிந்துவிடும். தேனி மாதிரி ஊரில் அதன்பிறகு அந்தக் குடும்பம் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? 2017 எச்ஐவி சட்டத்தின் 8ஆவது பிரிவைப் படி. சிகிச்சையில் இருக்கும் டாக்டர், நர்சுக்குத் தேவைப்படும் அளவு மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது.

"ஸ்டிக்கர் எங்க பாதுகாப்புக்குத்தான்" என்று உன் நர்சுகள் சொல்வார்கள். கோபப்படாமல் விளக்கு. தொற்றின் ஆரம்ப வாரங்களில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றே காட்டலாம். ஸ்டிக்கர் இல்லாத ஆளிடம் கையுறை போடாமல் ஊசி எடுப்பதுதான் ஆபத்து. கையுறையும் ஊசிப் பெட்டியும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோல. ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரம் தாண்டாமல், தடுப்பு மருந்தின் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். மருந்து எங்கே கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று நர்சிங் ஸ்டேஷனில் எழுதி ஒட்டு. ஒட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.

ரிசப்ஷனில் "கருக்கலைப்புக்கு வந்த செல்வி யாரும்மா?" என்று கூவக் கூடாது, டோக்கன் நம்பர் போதும். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பேரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. வாசலில் கிடக்கும் ரிஜிஸ்டரில் அடுத்து எழுதுபவர் மேல்வரிகளைப் படிக்க முடியாதபடி பார்த்துக்கொள். பழைய லேப் காகிதத்தை எடைக்குப் போடாதே, பஜ்ஜி மடிக்கப் போய்விடும். கிழிக்கும் மெஷின் ஒன்று வாங்கு.

மில் ஆபீசிலிருந்து ஃபோன் வரும்: "எங்க ஆளுக்கு என்ன வியாதி?" நோயாளி எழுதிக் கொடுக்காமல் பதில் கிடையாது. எத்தனை நாள் ஓய்வு, எந்தத் தேதியில் வேலைக்கு வரலாம் என்று சர்டிபிகேட்டில் இருந்தால் அவர்களுக்குப் போதும். நோயாளியே தன் ரிக்கார்டைக் கேட்டால் மட்டும் இழுத்தடிக்காதே. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர்காரரிடம் பேசும்போது ஆளுக்கொரு லாகின் கேள். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், நாளைக்கு ஒரு ரிப்போர்ட் வெளியே போகும்போது திறந்தது யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ராஜினாமா செய்தவரின் லாகினை அன்றைக்கே மூடு.

அட்மிஷன் ஃபாரத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. சம்மதப் பகுதியை நோயாளிக்குப் புரிகிற தமிழில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தா